ரோடு போட்டது யாரு?

போன மாதம் வகுப்பு நண்பர்களோடு வால்பாறை போய் வந்தேன். போட்டோக்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இந்தப் பதிவு போட்டோவைப் பற்றியது இல்லை. போட்டோவுக்குப் பின்னால் நின்ற கல்லைப் பற்றியது. கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை அறுபத்து சொச்சம் கிலோமீட்டர். ஆழியாறு தாண்டி வண்டி ஏற ஆரம்பித்ததும் பையன்கள் வளைவுகளை எண்ண ஆரம்பித்தார்கள். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய போர்டு. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினார்கள். லோம்ஸ் வியூ பாயிண்ட். கீழே ஆழியாறு அணை, சமவெளி எல்லாம் தெரிகிறது. லோம் என்பவர் இந்த ரோட்டைப் போட்ட வெள்ளைக்கார இன்ஜினியர், அவர் பேரில்தான் இந்த இடம் என்று டிரைவர் அண்ணன் சொன்னார். மேலே போனால், அட்டகட்டியைத் தாண்டி ரோட்டோரத்தில் ஒரு சிலை. கார்வர் மார்ஷ். தேயிலைத் தோட்டம் போட்ட துரை. ஆனைமலையின் தந்தை என்று பட்டம் வேறு.

எல்லாரும் சிலையோடு நின்று போட்டோ எடுத்தோம். நானும்தான் எடுத்தேன். திரும்ப வண்டியில் ஏறும்போது பக்கத்து சீட்டுப் பையன் சும்மா கேட்டான்: "ஏன்டா, ஒரே ஆளா நாப்பது வளைவும் போட்டாரு?"

ஜோக்காகத்தான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆச்சி ஞாபகம் வந்தது.

அம்மா வழி ஆச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஆச்சியின் அப்பா சின்னப் பையனாக இருக்கும்போதே கங்காணியோடு இந்த மலைக்கு வந்தவர். இந்த ரோடுதானா, எஸ்டேட்டுக்குள் போட்ட ரோடா என்று ஆச்சிக்குத் தெரியாது. அவள் சொல்வது இவ்வளவுதான்: "எங்கைய்யா ஆனமலையில கல்லு ஒடச்சவுகடா. அட்டை கடிச்ச தழும்பு காலு பூரா கெடக்கும்." அந்தத் தழும்பைப் பார்த்த கடைசி ஆள் ஆச்சிதான். ஆச்சியும் போய்விட்டால் அந்த மனிதர் மலைக்கு வந்ததற்கு ஒரு சாட்சியும் இல்லை.

மார்ஷுக்குச் சிலை இருக்கிறது. லோமுக்கு வளைவு இருக்கிறது. சரி, கல்லுடைத்தவருக்கு?

இதுதான் என் கேள்வி. இனி வருவது எல்லாம் இதற்கு வரக்கூடிய சமாதானங்களோடு நான் போடும் சண்டை.

*

முதலில் போர்டுகளின் தமிழைக் கவனியுங்கள். "இன்னார் இந்தச் சாலையை அமைத்தார்." "இன்னார் இந்த ஊரை உருவாக்கினார்." ஊட்டி, கோத்தகிரி, ஏற்காடு, கொடைக்கானல் எங்கே போனாலும் இதே வாக்கியம்தான். எழுவாய் ஒரு துரை. பயனிலை அமைத்தார், கண்டுபிடித்தார், உருவாக்கினார். பத்தாம் வகுப்பு இலக்கணத்தில் தன்வினை, பிறவினை படித்தோமே, அதன்படி பார்த்தாலே இது தப்பு. அவர் அமைத்தார் இல்லை, அமைப்பித்தார். செய்தார் இல்லை, செய்வித்தார். அந்த ஒரு 'வி' எழுத்தைத் தூக்கிவிட்டால் ஆயிரக்கணக்கான ஆட்கள் மலையிலிருந்து காணாமல் போகிறார்கள்.

மலைச்சாலை எப்படிப் போடுவார்கள் என்று யோசியுங்கள். முதலில் காட்டை வெட்ட வேண்டும். வேர் தோண்ட வேண்டும். பாறையில் உளியால் குழி போட்டு மருந்து வைத்து வெடிக்க வேண்டும். உடைந்த கல்லைத் தலையில் சுமந்து போய்ச் சரிவுப் பக்கம் தாங்குசுவர் கட்ட வேண்டும். தண்ணீர் ஓடக் கால்வாய் வெட்ட வேண்டும். அடுத்த மழையில் பாதி சரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. பொக்லைன் இல்லாத காலம். மலேரியாவுக்குப் பேர் போன காடு. தியோடலைட் வைத்து வளைவைக் கணக்குப் போட்டவருக்குத் திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டவர் பேர் இருக்கிறது, கல் சுமந்தவர் பேர் இல்லை என்றால் அது வரலாறு இல்லை. வேலைத்தலத்தின் வருகைப் பதிவேட்டில் மேனேஜர் கையெழுத்தை மட்டும் கிழித்து பிரேம் போட்டு மாட்டிய மாதிரி.

இந்த மலைக்கு வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பது ரகசியம் இல்லை. எஸ்டேட்டில் டாக்டராக வேலை பார்த்த பி.எச்.டேனியல் அதை நாவலாகவே எழுதிவிட்டார். 'ரெட் டீ', 1969. தமிழில் இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று 2007-ல் வந்தது. பாலாவின் 'பரதேசி' (2013) அதிலிருந்து வந்ததுதான். பஞ்சத்தில் கிடக்கும் ஊருக்குக் கங்காணி வருவான், முன்பணம் கொடுப்பான், கூட்டிக்கொண்டு மலையேறுவான். வாங்கிய முன்பணத்துக்கு வேலை செய்யாமல் ஓடினால்? அதற்கு 1859-லேயே சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். வேலை ஒப்பந்தத்தை முறித்த கூலியாளை ஜெயிலில் போடலாம். கவனியுங்கள், கடன் பாக்கிக்கு சிவில் வழக்கு இல்லை, ஜெயில்! அந்தச் சட்டம் 1920-களின் நடுவில்தான் ஒழிந்தது. நாம் செல்ஃபி எடுக்கும் மலைச்சரிவுகள் அந்தச் சட்டத்தின் கீழ் தேயிலை ஆனவை. போர்டில் அதற்கு ஒரு வரி உண்டா? வியூ பாயிண்ட் என்றால் வியூ மட்டும்தான் போல.

*

ரோட்டை விட மரம் வெட்டிய கதை இன்னும் சோகம். அதே ஆனைமலையின் இன்னொரு பக்கம் டாப்ஸ்லிப். பேர்க் காரணம் எல்லா கைடும் சொல்வார்கள்: மேலே வெட்டிய தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டிக் கீழே சறுக்கி விடுவார்கள், அதனால் டாப் ஸ்லிப். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கிறது. பார்க்கில் குழந்தைகள் சறுக்குவது போல.

அந்த மரங்கள் எங்கே போயின? பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு. அப்புறம் ரயில்வேக்கு, தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டையாக. 1848-லிருந்து சில வருடம் கேப்டன் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி இந்தக் காட்டின் மரவெட்டைக் கவனித்தார். 1856-ல் ஹியூ கிளெக்ஹார்ன் மதராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஆனார். காடு வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அந்த அரசாங்கமே பயந்த காலம் அது. 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காடு யாருடையது என்ற கேள்விக்கு அதோடு பதில் எழுதியாகிவிட்டது.

அந்தப் பதில் எழுதப்படும்போது காட்டில் இருந்தவர்கள் காடர், மலசர், மலைமலசர், புலையர், முதுவர். எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்த வழியில் யானை இறங்கும் என்று காட்டியவர்கள் அவர்கள். கோடரி பிடித்தவர்களில் அவர்கள் உண்டு. மரம் இழுத்த யானைகளை நடத்தியவர்கள் மலசர்கள். இன்றைக்கும் கோழிகமுத்தி முகாமில் யானைப் பாகன்கள் அந்த மக்கள்தான். முதலில் அவர்கள் கையாலேயே மரத்தை வெட்டினார்கள். பிறகு மரத்தைக் காப்பாற்ற என்று சொல்லி அவர்களுக்கே காட்டை மூடினார்கள்.

டாப்ஸ்லிப் பக்கம் ஒரு கல்லறை இருக்கிறது. ஹியூகோ வுட், வன அதிகாரி. 1933-ல் இறந்தவர். மொட்டையாகக் கிடந்த மலையில் மறுபடி தேக்கை வளர்த்தவர் என்று புகழ். வெட்டினால் அடிமரத்தை விட்டு வெட்டு, அது துளிர்க்கும் என்ற முறையைப் பிடிவாதமாக நடத்தியவர். கைத்தடியால் குழி போட்டு, பையிலிருந்து தேக்கு விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று கதை சொல்வார்கள். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கல்லறையில் லத்தீனில் ஒரு வாசகம். அர்த்தம்: நினைவுச் சின்னம் தேடுகிறாயா, சுற்றிலும் பார். லண்டனில் புனித பால் தேவாலயம் கட்டிய கிறிஸ்டோபர் ரென் கல்லறையில் இருக்கும் வாசகம்தான் அது.

சுற்றிலும் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தேக்கு. ஒரு ஆள் கைத்தடியால் போட்ட விதை இல்லை இது. நாற்று நட்ட கை எத்தனை, களை பிடுங்கிய கை எத்தனை, தீ பிடித்தபோது அணைக்க ஓடிய கால் எத்தனை? சின்னம் சுற்றிலும் இருக்கிறது, சரி. அது யாருடைய சின்னம் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் கலீம் என்ற கும்கி யானை அறுபது வயதில் ஓய்வு பெற்றது. வனத்துறை அணிவகுப்பு மரியாதை கொடுத்தது. படித்தபோது எனக்கே கண் கலங்கியது. கலீமுக்குத் தகும், நூறு தடவை தகும். ஆனால் முகாம் யானைக்குப் பேர் உண்டு, வயது உண்டு, எங்கே பிடித்தது என்ற குறிப்பு உண்டு, ஓய்வு நாள் உண்டு. நூறு வருடம் முன்னால் அதே காட்டில் யானையோடு மரம் இழுத்த மனிதனின் பேரை எந்தப் போர்டிலாவது காட்டுங்கள் பார்ப்போம்.

*

"இது நம்ம ஊர் அலட்சியம்பா" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கடல் தாண்டியும் இதே கதைதான். இலங்கையில் கொழும்பு–கண்டி ரோட்டில் கடுகண்ணாவை என்ற இடத்தில் உயரமான ஒரு கோபுரம் நிற்கிறது. டோசன் கோபுரம். உள்ளே மரத்தால் ஆன சுற்றுப்படி. கண்டி ரோட்டைப் போட்ட ராயல் இன்ஜினியர்ஸ் கேப்டன் டோசன் 1829-ல் இறந்தார். 1832-ல் அவர் ஞாபகமாக எழுப்பியது. அவருடைய அறிவும் திறமையும் திட்டமிட்டு முடித்த ரோடு இது என்று கல்வெட்டு சொல்கிறது.

அந்த ரோட்டில் வேலை செய்தவர்கள் யார்? ராஜகாரியம் என்று ஒரு முறை இருந்தது. ராஜாவுக்குக் குடிகள் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஊழியம். ராஜாவை இறக்கிய ஆங்கிலேயர் அந்த ஊழியத்தை மட்டும் இறக்காமல் வைத்துக்கொண்டு ரோடு போட்டார்கள். கட்டாய ஊழியம் கூடாது என்று லண்டனிலிருந்து உத்தரவு வந்தது எந்த வருடம் தெரியுமா? அதே 1832. ஒரே வருடத்தில் ஒரு பக்கம் அந்த ஊழியமே தப்பு என்று உத்தரவு, இன்னொரு பக்கம் அதை வைத்து ரோடு போட்டவருக்குக் கோபுரம். கோபுரம் இன்றைக்கும் நிற்கிறது. ஊழியம் செய்தவர்களுக்கு அதன் நிழல்கூட இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு இடமும் சொல்கிறேன். கோழிக்கோட்டிலிருந்து வயநாடு ஏறும் தாமரசேரி சுரம் முடியும் இடம் லக்கிடி. அங்கே ரோட்டோரத்தில் ஒரு மரம், அதில் ஒரு சங்கிலி. சங்கிலி மரம் என்றே பேர். பணியர் இனத்தைச் சேர்ந்த கரிந்தண்டன் என்பவர்தான் வெள்ளைக்கார இன்ஜினியருக்கு இந்த வழியைக் காட்டினார். கண்டுபிடித்த பேர் தனக்கே வர வேண்டும் என்று இன்ஜினியர் அவரைக் கொன்றுவிட்டார். ஆவி அலைந்து வண்டிகளைக் கவிழ்த்தது, ஒரு பூசாரி வந்து மரத்தில் கட்டினார். இது கதை. ஆவியை நம்பச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், அரசாங்கம் கல் வைக்காத இடத்தில் ஜனங்கள் ஒரு மரத்தையே கல்வெட்டாக்கி இருக்கிறார்கள். வழி காட்டியவன் பேர் கரிந்தண்டன் என்று இன்றைக்கும் வயநாட்டில் தெரியும். கொன்ற இன்ஜினியர் பேர் கதையில் கிடையாது. நான் பார்த்த வரையில் துரைக்குப் பேர் இல்லாமல் போன ஒரே மலைச்சாலை இதுதான் :-)

*

இப்போது பின்னூட்டத்தில் வரப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்.

1) "சிலையை உடைக்கணும்கிறியா?"

இல்லை. மார்ஷ் அங்கேயே நிற்கட்டும். பென்னிகுக்கைத் தேனிப் பக்கம் சாமியாகக் கும்பிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பேர் வைக்கிறார்கள். 2013-ல் லோயர் கேம்பில் மணிமண்டபமே திறந்தாகிவிட்டது. முல்லைப் பெரியாறு தண்ணீர் குடிக்கும் ஜனங்களின் நன்றி அது, அதைக் கேலி செய்ய நான் யார்? ஆனால் அந்த அணை வேலையில் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்தவர்களும் அதே தண்ணீருக்காகத்தான் செத்தார்கள். ஒருவருக்கு நன்றி சொன்னால் இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது என்று சட்டமா?

2) "பேரே தெரியாதவங்களுக்கு என்னன்னு எழுதுறது?"

இதுதான் எல்லாரும் ஒளிந்துகொள்ளும் இடம். பேர் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள். "இந்தச் சாலையில் வேலை செய்தவர்களின் பெயர்கள் இங்கே எழுதி வைக்கப்படவில்லை." இந்த ஒரு வரியே போதுமே, வாசிப்பவனுக்குச் சுருக்கென்று தைக்கும். தேடினால் பல பேர்கள் கிடைக்கவும் செய்யும். எஸ்டேட் லயன்களில் இன்னும் மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை இருக்கிறார்கள். யாராவது போய்க் கேட்டோமா?

3) "தமிழ்நாட்டில இதெல்லாம் பழக்கமில்லப்பா."

இதைச் சொல்பவர்களுக்குத்தான் சூடாகப் பதில் வைத்திருக்கிறேன். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்தது. மகேந்திரவர்மன் காலம், அதாவது சுமார் 1400 வருடம் முன்னால். மாட்டு மந்தையைக் காத்துச் செத்த வீரனின் பேர் அதில் இருக்கிறது. அதோடு கூட நின்று கள்ளரைக் கடித்த நாயின் பேரும் இருக்கிறது. கோவிவன்! நாய்க்குப் பேர் எழுதி, உருவம் செதுக்கி, கல் நட்ட ஊர் இது. நமக்கா பழக்கமில்லை?

சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணுக்காக வழியோரத்தில் நடுவது. வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கி வைக்க உதவும். பல ஊர்களில் அதில் பேரும் இருக்கும். ராஜா பேர் இல்லை, அந்தப் பெண் பேர். ரோட்டோரக் கல் என்றால் நம் ஊரில் இதுதான் அர்த்தமாக இருந்தது. துரையைப் பார்த்துத் துரைக்கு மட்டும் கல் வைக்கக் கற்றுக்கொண்டது பின்னால்தான்.

4) "போர்டு வெச்சா வயிறு நிறையுமா?"

நிறையாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர்டில் இல்லாதவர்களுக்கு வேறு எதிலும் இடம் கிடைப்பதில்லை என்பதையும் பாருங்கள். 2019 மழையில் வால்பாறைப் பக்கம் கல்லார்குடியில் மண் சரிந்து காடர் குடும்பங்கள் வீட்டை இழந்தன. பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் குடியேறுகிறோம், எங்கள் காடுதானே என்று கேட்டார்கள். அந்த இடத்துக்கு உரிமைப் பத்திரம் வாங்க அவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. வன உரிமைச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது, ஞாபகம் இருக்கட்டும். நூற்றைம்பது வருடமாக ஒவ்வொரு போர்டும் "இங்கே முன்னால் யாரும் இல்லை, துரை வந்துதான் கண்டுபிடித்தார்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், காடர் வந்து "இது எங்கள் இடம்" என்னும்போது ஆபீசில் இருப்பவர் ஆதாரம் கேட்கத்தான் செய்வார். போர்டு வெறும் போர்டு இல்லைங்க. அதுவும் ஒரு பட்டாதான்.

*

சரி, திட்டியது போதும். என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டாமா?

நாற்பது வளைவு இருக்கிறது. நாற்பதிலும் வேண்டாம். ஒன்றே ஒன்றில் ஒரு கல். லோம்ஸ் வியூவிலேயே வைக்கலாம், இடம் இருக்கிறது. பளிங்கு வேண்டாம், இந்த ரோட்டுக்கு உடைத்த அதே பாறையில் ஒரு துண்டு. அதில் இப்படி எழுதலாம்:

"இந்த மலையில் வழி காட்டியவர்கள் காடரும் மலசரும் முதுவரும் புலையரும். கல் உடைத்தவர்கள், மரம் வெட்டியவர்கள், தேயிலை நட்டவர்கள் சமவெளியிலிருந்து பசியோடு வந்தவர்கள். காய்ச்சலிலும் மண்சரிவிலும் இறந்தவர்கள் பலர். அவர்கள் பெயர்களை அப்போது யாரும் கல்லில் எழுதவில்லை. அவர்கள் போட்ட பாதையில் நீங்கள் நிற்கிறீர்கள்."

அவ்வளவுதான். இதை விட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், லத்தீனில் வேண்டாம்.

அடுத்த தடவை மலைக்குப் போகும்போது போர்டை ஒரு நிமிடம் வாசியுங்கள். "அமைத்தார்" என்று இருந்தால் பக்கத்தில் இருப்பவனிடம் கேளுங்கள், ஒரே ஆளாவா என்று. போன மாதம் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆச்சியிடம் அவளுடைய அப்பா பேரைக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. சிலை வைக்காதவர்களை இவ்வளவு திட்டினேனே, அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன்.

டிஸ்கி: மார்ஷோடு எடுத்த போட்டோவை அழிக்கவில்லை. பின்னால் மலை நன்றாக விழுந்திருக்கிறது. அந்த மலையில் தெரியும் ரோடுதான் எனக்கு வேண்டும்.